மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்: பிரேக் பேட் எத்தனை கி.மீ. வரும்? பின் பேட் மட்டும் ஏன் முதலில் தேயுது?

நெடுஞ்சாலை_நாடோடி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி, முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு இருக்கிற டூரிங் வகை. கையில லிவர் கிடையாது, வலது கால் பெடல் ஒண்ணுதான் மூணு சக்கரத்தையும் பிடிக்குது. மூணுமே டிஸ்க், ஏபிஎஸ் உண்டு. கைப்பிரேக் பின் காலிப்பரிலேயே (பேட்டை டிஸ்க்கில அழுத்துற பாகம்) கேபிள் வழியா வேலை செய்யுது. மீட்டர் 18,000 கி.மீ. காட்டுது, வண்டியோட வந்த பேட் இன்னும் மாத்தலை.

டார்ச் அடிச்சுப் பார்த்ததுல முன் சக்கரம் ரெண்டிலயும் பேட் 4 மி.மீ. போல இருக்கு. பின்னாடி வெளிப்பக்கத்துப் பேட் அதைவிடக் கம்மி, மூணரை இருக்கலாம். உள்பக்கம் கண்ணுக்கே தெரியலை.

1. பொதுவா இந்த மாதிரி வண்டிக்குப் பேட் எவ்வளவு தூரம் வரும்?
2. முன் பிரேக்தானே அதிக வேலை செய்யும்னு சொல்வாங்க, அப்புறம் பின் பேட் ஏன் முந்துது?
3. மாத்துறப்போ சின்டர்டா (உலோகத் தூள்ல செஞ்ச பேட்), ஆர்கானிக்கா (பிசின் கட்டின பேட்)?
4. வீட்டிலேயே மாத்தலாமா, இல்ல ஏபிஎஸ் இருக்கிறதால கை வைக்கக் கூடாதா?

தேய்மானக்_கணக்கு

கி.மீ. எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரே மாடல், ஒரே பேட். ஒருவருக்கு 15,000-இல் தீர்ந்துவிடும், இன்னொருவருக்கு 50,000 வரைகூட வரும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்துகிறவரும், ஒரு மணி நேரத்தில் நாலு தடவை பெடலைத் தொடுகிறவரும் ஒரே மாதிரி தேய்க்க மாட்டார்கள்.

உங்கள் வண்டியின் எண்ணை நீங்களே கணக்குப் போட்டு எடுக்கலாம். இரண்டு அளவு போதும்: புதுப் பேட்டில் உராயும் பொருளின் கனம், இப்போது மிச்சமிருக்கும் கனம். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்கக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்போது பெரும்பாலும் தப்புவது இங்கேதான். தகடும் அதே கறுப்பாக அழுக்கேறி இருக்கும், எல்லாம் பேட் போலவே தெரியும்.

புதுசில் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம் (மாடலுக்கு மாடல் மாறும், புது செட்டை அளந்தே தெரிந்துகொள்ளுங்கள்). முன் பேட் 18,000 கி.மீ.யில் 1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. மாற்றும் எல்லையாக 2 மி.மீ. வைத்தால் இன்னும் 2 மி.மீ. கையில் இருக்கிறது. கணக்குப்படி 36,000 கி.மீ. வரும், ஆனால் அப்படியே நம்பாமல் அதில் முக்கால் பங்கு, 27,000 என்று எடுங்கள். பேட் மெலிய மெலிய வெப்பத்தைத் தாங்கும் பொருள் குறைகிறது, சூடு கூடுகிறது, கடைசி மில்லிமீட்டர்கள் முதல் மில்லிமீட்டரைவிட வேகமாகப் போகும்.

பின் வெளிப்பேட் 3.4 என்று வைத்தால் 1.6 மி.மீ. போயிருக்கிறது. எல்லைக்கு 1.4 மிச்சம், கணக்குப்படி 15,750 கி.மீ., முக்கால் பங்கு போட்டால் 12,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் உள்பேட்டைப் பார்க்காமல் போட்ட கணக்கு இது, அதனால் இப்போதைக்கு இதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒரு செட்டின் ஆயுள் அதில் மெலிந்த பேட்டின் ஆயுள்தான். காலிப்பரைக் கழற்றி அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

2 மி.மீ. எல்லை எதற்கு என்றால், 1 மி.மீ.க்குக் கீழே போனால் தேய்மானம் சீராக இருக்காது. ஒரு மூலையில் இரும்பு டிஸ்க்கைத் தொட்டுவிடும். பேட்டோடு டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

அரைவட்டம்

இதுக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு? பைக்குக்கு 20,000-னா இதுக்கும் 20,000. மூணு சக்கரம் இருக்குறதால பாரம் பிரிஞ்சு இன்னும் கூடவே வரும்.

நியூட்டன்_பக்கத்துவீடு

@அரைவட்டம், பாரம் பிரிகிறது, ஆனால் பாரம் அதே பாரம் இல்லை.

பெரிய இருசக்கர வண்டி ஒன்று ஆளோடு சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி (முன்னால் இரண்டு பின்னால் ஒன்று) போன்ற டூரிங் வண்டியின் எடையே 450 கிலோவைத் தாண்டும். ஓட்டுபவரும் மூட்டையும் சேர்ந்தால் 600-ஐத் தொடும். ஹார்லியின் டிரை கிளைடு (2009 மாடலாக வந்தது, முன்னால் ஒன்று பின்னால் இரண்டு) ஆள் ஏறும் முன்னரே 550 கிலோவுக்கு மேல். 100 கி.மீ. வேகத்தில் போகும் 600 கிலோவை முழுதாக நிறுத்த, ஏறத்தாழ 230 கிலோஜூல் ஆற்றலைப் பேட்டும் டிஸ்க்கும் சூடாக மாற்றித் தீர்க்க வேண்டும். 300 கிலோ வண்டிக்கு அதில் பாதி. டிஸ்க் ஒன்று கூடியிருக்கலாம், சுமை இரண்டு மடங்காகிவிட்டது.

வேகம் இன்னும் மோசம், ஆற்றல் அதன் வர்க்கத்தில் (வேகம் பெருக்கல் வேகம்) ஏறும். அதே 600 கிலோவை 60-இல் இருந்து நிறுத்த 83 கிலோஜூல்தான். ஆக, 100-இல் இருந்து ஒரு தடவை நிறுத்துவது, 60-இல் இருந்து கிட்டத்தட்ட மூன்று தடவை நிறுத்துவதற்குச் சமம்.

மலை இறக்கத்தைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 600 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 2,940 கிலோஜூல். 100-இல் இருந்து பன்னிரண்டு பதின்மூன்று தடவை நிறுத்தியதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு எவ்வளவு பங்கு கொடுப்பது என்பது உங்கள் கையில். கியரைக் குறைக்காமல் பெடலை அழுத்தியபடியே இறங்கினால் பேட் தேய்வதோடு நிற்காது, பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரையைத் தொடும். செமி ஆட்டோமேட்டிக் (கிளட்ச் லிவர் இல்லாத) வண்டி தானாகக் கியர் குறைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சின் சுற்று நன்றாக விழுந்த பிறகுதான் அது குறைக்கும். இறக்கம் தொடங்கும் முன்னரே நீங்கள் குறைத்துவிட வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. முன் பிரேக் அதிக வேலை செய்கிறது என்பது சரிதான். ஆனால் அது அச்சுக்கு அச்சு ஒப்பிட்டது, டிஸ்க்குக்கு டிஸ்க் இல்லை. உதாரணத்துக்கு முன்பக்கம் 70 பங்கு, பின்பக்கம் 30 பங்கு என்று வைப்போம். முன்னே இரண்டு டிஸ்க், ஆளுக்கு 35. பின்னே ஒன்றே ஒன்று, முழு 30-உம் அதன் தலையில். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த 70-க்கு 30-உம் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும்போதுதான். மெதுவாகப் பிடிக்கும்போது எடை முன்னுக்கு அவ்வளவாகச் சாய்வதில்லை, பின்பங்கு கூடும். அன்றாடம் பிடிப்பதில் பெரும்பகுதி மெதுவான பிடிதானே. பின்னிருக்கையில் ஆளும் பெட்டி நிறையச் சாமானும் இருந்தால் பின் சக்கரத்துப் பாரம் இன்னும் ஏறும். போதாததற்குப் பின் காலிப்பரும் பேட்டும் பெரும்பாலும் முன்னதைவிடச் சிறியவை. அதே வேலையைச் சின்னப் பரப்பு செய்தால் கனம் சீக்கிரம் குறையாமல் என்ன செய்யும்?

இவை எல்லாம் இயல்பான காரணங்கள். இயல்பில்லாத காரணம் கைப்பிரேக். அதைக் கேபிளில் கை வைத்தவர்கள் சொல்லட்டும்.

கிரீஸ்_டப்பா

கைப்பிரேக் பத்தி நான் சொல்றேன்.

கேபிள் வழியா வேலை செய்யுற கைப்பிரேக்கில, கேபிள் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலே காலிப்பர் லிவர் முழுசா திரும்பி வராது. பேட் டிஸ்க்கை லேசா தொட்டுக்கிட்டே ஓடும். ஓட்டுறவருக்கு ஒண்ணும் தெரியாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், பின் ரிம் முழுக்கக் கறுப்புத் தூள் படியும், அவ்வளவுதான் அறிகுறி. கேபிள் உறைக்குள்ள துரு ஏறினாலும் இதே கதை. லிவரை விடுவிச்ச பிறகு, காலிப்பர்ல இருக்கிற அந்தச் சின்னக் கையை விரலால பின்னுக்குத் தள்ளிப் பாருங்க. அது ஏற்கெனவே தன்னோட ஸ்டாப்பரைத் தொட்டு நிக்கணும். இன்னும் பின்னுக்குப் போச்சுன்னா கேபிள் இழுத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு கால். பிரேக் எல்லாம் ஒரே பெடல்ல இருக்கிற வண்டியில, பாதத்தைப் பெடல் மேலயே சாய்ச்சு வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பெடலோட சும்மா ஆடுற தூரம் முடிஞ்சதும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ள (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்குற பாகம்) ஆயில் திரும்புற ஓட்டை அடைபட்டுடும். அப்புறம் சூட்டில் ஆயில் விரிஞ்சு தானாவே பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும். பின்னாடி வர்றவர்கிட்ட உங்க பிரேக் லைட் ஓயாம எரியுதான்னு கேளுங்க, தெரிஞ்சிடும்.

டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்காதீங்க, விரல் வெந்துடும். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இருந்தா, இருபது நிமிஷம் ஓட்டிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டர் முடிஞ்ச வரைக்கும் பிரேக் பிடிக்காம வந்து நிறுத்தி மூணு டிஸ்க்கையும் அளங்க. பளபளன்னு இருக்கிற டிஸ்க்குல அளவு குறைச்சுக் காட்டும், அதனால மூணுலயும் ஒரே மாதிரி இடத்துல வச்சுப் பாருங்க, எண்ணை விட்டுட்டு ஒப்பீட்டை மட்டும் எடுங்க. முன் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மட்டும் தெளிவா அதிகம்னா அந்தப் பக்கம் பிரேக் ஒட்டுது. ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்றதுக்கு வழிவிடுற கம்பி), பிஸ்டன் ரெண்டையும் முதல்ல பாருங்க. ரெண்டும் சரியா இருந்து இன்னும் ஒட்டுதுன்னா ஹோஸ் (ஆயில் போற ரப்பர் குழாய்). உள்பக்க ரப்பர் வீங்கி, அழுத்தத்தை உள்ளே விட்டு வெளியே விடாம வச்சிருக்கும். வெளியே பார்த்தா புதுசு போலவே இருக்கும்.

நெடுஞ்சாலை_நாடோடி

நன்றி. பின் காலிப்பரைக் கழட்டி வெர்னியர்ல அளந்தாச்சு. வெளிப்பேட் 3.4 மி.மீ. உள்பேட் 1.9! பிஸ்டன் உள்பக்கம்தான் இருக்கு. ஸ்லைடு பின் ஒண்ணு கையால இழுத்தா வருது, இன்னொண்ணு வரவே மாட்டேங்குது. உள்பேட்டை மட்டும் மாத்தினா போதுமா?

கிரீஸ்_டப்பா

போதாது, செட்டாத்தான் மாத்தணும். புதுசும் பழசும் ஒரே டிஸ்க்கில சேர்ந்தா பிடிமானம் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கும், காலிப்பர் சாய்ஞ்சு பேட் ஆப்பு மாதிரி தேயும். முன்னாடியும் அதே விதிதான், இன்னும் கண்டிப்பா: இடது மாத்தினா வலதும் மாத்தணும். முன் ரெண்டு சக்கர வண்டியில ஒரு பக்கம் கம்மியா பிடிச்சா ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்கும்.

காரணம் கையில கிடைச்சிடுச்சு. மிதக்கும் காலிப்பர்ல பிஸ்டன் உள்பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில காலிப்பர் நகர்ந்து வெளிப்பேட்டை இழுத்து அழுத்தணும். ஸ்லைடு பின் இறுகிட்டா காலிப்பர் நகராது, உள்பேட்டே எல்லா வேலையும் பார்க்கும். வெளிப்பேட் அதிகமாத் தேய்ஞ்சிருந்தா கதை வேற: பிடிச்ச பிறகு காலிப்பர் திரும்பி வரலை, இல்லேன்னா பேட் உக்கார்ற இடத்துல துரு. ஒரே பேட்டில மேல் மூலை தடிச்சும் கீழ் மூலை மெலிஞ்சும் இருந்தா ரெண்டு ஸ்லைடு பின்னில் ஒண்ணு மட்டும் இறுகியிருக்கும். உங்களுக்கு அதுவும் இருக்கும், பேட்டோட நாலு மூலையையும் தனித்தனியா அளந்து பாருங்க.

தேய்மானக்_கணக்கு

வெளியில் தெரியும் பேட்டை வைத்து 12,000 கி.மீ. மிச்சம் என்று கணக்கு வந்த வண்டியில், உள்பேட் எல்லையைத் தாண்டியே விட்டது. இதற்காகத்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை என்றேன்.

நாலாவது கேள்விக்குப் பதில்: மாற்றலாம். ஏபிஎஸ் இருப்பதால் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, அது கீழே வரும். பின் காலிப்பருக்கு வரிசை இது.

சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். கைப்பிரேக்கை விடுவித்துத்தான் வேலை செய்யப் போகிறீர்கள், மூன்று சக்கர வண்டிக்குச் சைடு ஸ்டாண்டும் இல்லை. ஆப்பு நழுவினால் வண்டி உருண்டுவிடும். மோட்டார் வைத்த கைப்பிரேக் என்றால் சர்வீஸ் முறைக்கு மாற்றாமல் காலிப்பரைத் தொடவே கூடாது; கேபிள் என்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிடுங்கள்.

பேட்டைப் பிடித்திருக்கும் பின்னை (கம்பியை), காலிப்பர் போல்ட்டைக் கழற்றும் முன்னரே கொஞ்சம் தளர்த்துங்கள். காலிப்பர் கையில் வந்த பிறகு அதைத் திருப்பப் பிடிமானம் கிடைக்காது. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் எங்காவது கட்டுங்கள்.

வெளியே தெரியும் பிஸ்டன் பகுதியைச் சுத்தம் செய்யாமல் உள்ளே தள்ளக் கூடாது. அந்த அழுக்கு சீலைக் கீறும், அடுத்த மாதம் கசியும். மென்மையான பிரஷ்ஷும் புதுப் பிரேக் ஆயிலும் போதும். பிறகு ஏபிஎஸ் விஷயம்: பிஸ்டனைத் தள்ளும்போது காலிப்பரில் தங்கிய பழைய ஆயில் ஏபிஎஸ் யூனிட் வரை பின்னோக்கிப் போகும். அதைத் தவிர்க்க பிளீடிங் நிப்பிளில் (காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) டியூபை மாட்டி, நிப்பிளைத் திறந்து, பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் நின்றவுடன் மூடிவிடுங்கள். நிப்பிள் திறந்திருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டனும் வெளியே வரக் கூடாது. காற்று உள்ளே போய்விடும்.

கைப்பிரேக் சேர்ந்த காலிப்பரில் பிஸ்டன் பல வண்டிகளில் நேராகப் போகாது, சுற்றிச் சுற்றித்தான் உள்ளே போகும். சி-கிளாம்பு போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு உடையும். எந்த வகை என்று சர்வீஸ் மானுவலில் பார்த்துவிட்டு அழுத்துங்கள். சுற்றும் வகையில் பிஸ்டன் முகத்தில் வெட்டு இருந்தால், பேட்டின் பின்புறக் குமிழ் அதில் உட்காரும்படி நிறுத்த வேண்டும்.

இறுகிய ஸ்லைடு பின்தான் இங்கே முக்கிய வேலை. சுற்றியபடியே இழுங்கள், வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஸ்லைடு பின் குழிவிழுந்திருந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யாமல் புதுசு போடுங்கள், அதன் மேல் மூடும் ரப்பர் உறையையும் (பூட்) சேர்த்து. எண்ணெய் விட்டிருந்தால் துளையை முழுதாகத் துடைத்தெடுங்கள். சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. சாதாரண வீல் பேரிங் கிரீஸ் பூசினால் ரப்பர் வீங்கி மறுபடி இறுகும். நிறையத் திணித்தாலும் காற்று அடைபட்டு ஸ்லைடு பின் உள்ளே போகாது.

பேட் உட்காரும் கிளிப்பில் துருவைச் சுரண்டிவிட்டு, புதுப் பேட் விரலால் தள்ளினால் நகர்கிறதா என்று பாருங்கள். சுத்தியலால் தட்டித்தான் போகும் என்றால் அதுவும் ஒட்டும் பிரேக்தான்.

டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியரை ஓரமாக வைத்து அளந்தால் தேயாத விளிம்பு தடுத்து, கனம் கூடுதலாகக் காட்டும். பேட் தேய்க்கும் பாதையில் மைக்ரோமீட்டரில், நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும்.

போல்ட் எல்லாவற்றையும் மானுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கிவிட்டு, வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தும் முன் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து விடுங்கள், கெட்டியாகும் வரை. முதல் சில மிதி தரையைத் தொடும், பயப்பட வேண்டாம். கைப்பிரேக் கேபிளைக் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும். பெடல் கெட்டியாகும் முன்னரே கேபிளை இறுக்கினால் மறுபடி அந்த லேசான உரசல்தான், அடுத்த செட்டும் சீக்கிரம் போகும்.

ஆயில் டப்பாவையும் பாருங்கள். பேட் தேய்ந்தபடி ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. இறங்கியபோதெல்லாம் ஊற்றி நிரப்பியிருந்தால் பிஸ்டனைத் தள்ளும்போது வழியும். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அரைவட்டம்

சரி, எடைக் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. ஆர்கானிக் போட்டா டிஸ்க் தப்பிக்கும், விலை கொடுத்து வாங்கற டிஸ்க்கை எதுக்குச் சின்டர்ட் போட்டுத் தின்னக் கொடுக்கணும்?

நியூட்டன்_பக்கத்துவீடு

டிஸ்க்குக்கு ஆர்கானிக் மென்மையானது என்பது உண்மை. சத்தமும் குறைவு, குளிரிலேயே முதல் தொடுதலில் பிடிக்கும். லேசான வண்டிக்கு நல்ல தேர்வு. யமஹா டிரைசிட்டி 125 போன்ற, உடலைச் சாய்த்து ஓட்டும் சின்ன வண்டிகளின் எடைக்கும் இருசக்கர வண்டியின் எடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஆர்கானிக் தாராளமாகப் போடலாம். யமஹாவின் நிகென் ஏறத்தாழ 263 கிலோ, அது இன்னொரு ரகம். அதன் வேகத்துக்கு நான் சின்டர்ட் பக்கம்தான்.

450 கிலோ வண்டியில் ஆர்கானிக்கின் தொந்தரவு வெப்பம். பிசின் கட்டிய பொருள் என்பதால் ஒரு சூட்டுக்கு மேல் தேய்மானம் கிடுகிடுவென்று ஏறும், மேற்பரப்பு கண்ணாடி போல் மின்னி வழுக்கும். சின்டர்ட் என்பது உலோகத் தூளை அழுத்திச் சுட்டது. சூட்டையும் மழையையும் நன்றாகத் தாங்கும், ஆயுளும் பொதுவாகக் கூடும். டிஸ்க்கை அதிகம் தேய்க்கும், வெப்பத்தைப் பிஸ்டன் பக்கம் அதிகமாகக் கடத்தவும் செய்யும். அதனால் சின்டர்ட் போடுகிறவர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதுசில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

எந்த வகை போட்டாலும் முன் இரண்டுக்கும் ஒரே பொருள். டிஸ்க் தயாரிப்பாளர் சின்டர்ட் கூடாது என்று சொல்லியிருந்தால் அங்கே விவாதமே இல்லை. ஒரே பெடலில் மூன்றும் இயங்கும் வண்டியில் பின்னுக்கு மட்டும் ரொம்பக் கடிக்கும் பேட் போட்டு முன்னுக்குச் சாதாரணமாக விட்டால், நிறுவனம் கணக்குப் போட்டு வைத்த முன்பின் பங்கு மாறிவிடும். ஏபிஎஸ் பின் சக்கரத்தில் அடிக்கடி குறுக்கிடும்.

பின்னச்சு

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு உள்ள வண்டிக்காரர்கள் மேலே உள்ள பங்குக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே பாரம் பின்னச்சில் அதிகம். பின்னால் இரண்டு டிஸ்க் இருப்பதால் பின் பேட் நெடுநாள் வரும், முன் ஒற்றைச் சக்கரத்தின் பேட் முந்தும், முக்கியமாகக் கை லிவரை மட்டும் பழகியவர்களிடம்.

இருசக்கர வண்டியில் பின்னச்சை மாற்றி மூன்று சக்கரமாக்கியவை தனி ரகம். ஒரு காலிப்பருக்கு இருந்த மாஸ்டர் சிலிண்டரையே இரண்டு பெரிய காலிப்பருக்கும் விட்டிருந்தால், பிஸ்டன் பரப்பு கூடியதற்கு ஏற்ப ஆயில் அதிகம் தள்ள வேண்டும். பெடல் நீளமாகப் போகும். காற்று இருக்கிறது என்று திரும்பத் திரும்ப ஏர் எடுப்பார்கள், தீராது. பேட் கொஞ்சம் தேய்ந்தாலோ காலிப்பர் கொஞ்சம் ஒட்டினாலோ அந்த நீளம் இன்னும் கூடும்.

ஆட்டோவைச் சேர்த்து யாரும் கேட்டுவிடும் முன் சொல்லிவிடுகிறேன்: அதில் பெரும்பாலும் டிரம்மும் ஷூவும். பேட் கணக்கு அங்கே பொருந்தாது.

நெடுஞ்சாலை_நாடோடி

ஸ்லைடு பின்னையும் ரப்பர் உறையையும் மாத்தியாச்சு, சின்டர்ட் செட் போட்டாச்சு, கேபிளையும் கடைசியிலதான் சரிசெஞ்சேன். நாலு மூலை அளந்ததுல பழைய உள்பேட் ஒரு ஓரம் 1.9, எதிர் ஓரம் 2.6. புதுப் பேட் பழக்குறது எப்படி? அப்புறம், நீண்ட இறக்கம் இறங்கி வந்து நிறுத்தினா சூடா இருக்கும்போதே கைப்பிரேக் போடலாமா?

கிரீஸ்_டப்பா

1.9-க்கு 2.6 ஆப்புத் தேய்மானம்தான், ஸ்லைடு பின் இறுகின பக்கத்தைச் சொல்லுது.

பழக்குறதுக்கு: பின்னாடி வண்டி இல்லாத சாலையில 50-ல இருந்து 10-க்கு, நடுத்தர அழுத்தத்துல, பத்துத் தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல அரைக் கிலோமீட்டராவது பிரேக் தொடாம ஓடி ஆறவிடுங்க. முழுசா நிறுத்தாதீங்க. சூடான புதுப் பேட்டை ஒரே இடத்துல அழுத்தி நின்னா பேட் பொருள் டிஸ்க்கில அச்சு மாதிரி ஒட்டிடும், அப்புறம் பிடிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்கும். டிஸ்க் வளைஞ்சுடுச்சுன்னு மாத்துறாங்களே, அதுல நிறைய இந்த அச்சுதான். பத்து முடிஞ்சதும் ஆறுற வரைக்கும் சும்மா ஓட்டுங்க. முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் திடீர்னு முரட்டுத்தனமாப் பிடிக்கிற நிலைமை வராம இடைவெளி விட்டுப் போங்க.

கைப்பிரேக் கேள்விக்கும் அதே காரணம்தான். இறக்கம் முடிஞ்சு ரெண்டு மூணு கிலோமீட்டர் சமதளத்துல ஓடி ஆறவிட்டு நிறுத்தினா கைப்பிரேக் போடலாம். உடனே நிறுத்தியே ஆகணும்னா, கைக் கிளட்ச் வண்டிக்குக் கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, டிஸ்க் ஆறின பிறகு கைப்பிரேக் போடுங்க. செமி ஆட்டோமேட்டிக்ல இந்த வழி இல்லை. சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் எஞ்சின் அடங்கினதும் விட்டுடும், கியர்ல இருந்தாலும் வண்டி உருளும். அதுக்குக் கைப்பிரேக்கை உடனே போட்டே ஆகணும். டிஸ்க்கில அச்சு விழுந்தாலும் பரவாயில்லை, கட்டையும் சேர்த்து வையுங்க.

மழையில நனைஞ்ச வண்டியை வாரக்கணக்கா நிறுத்துறதா இருந்தா மட்டும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாப் பிடிச்சு ஓட்டிக் காய வச்சுட்டு நிறுத்துங்க. இல்லேன்னா பேட் டிஸ்க்கோட துருவுல ஒட்டி, முதல் தடவை நகர்த்தும்போது உராயும் பொருள் தகட்டை விட்டுப் பிய்ஞ்சு வரும். 4 மி.மீ. மிச்சம் இருக்கிற பேட்டும் அன்னிக்கே குப்பைக்குத்தான்.